எல்லைக் கோட்டைத் தாண்டும் அடுப்புப் புகை

நெய்யாற்றின்கரை, பாறசாலை, கோட்டுகால்: 1956-ல் போட்ட கோடு இங்கே தாலுகா அலுவலகத்தைப் பிரித்தது. கோயிலையும் சமையலறையையும் பிரிக்க அதனால் முடியவில்லை. ஆனால் பள்ளிக்கூடப் பலகை வேறு கதை சொல்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரி தொடங்குவதற்குச் சற்று முன்னதாக களியக்காவிளையில் போக்குவரத்து நின்றுவிடும். நாகர்கோவில் பஸ்களும் திருவனந்தபுரம் பஸ்களும் ஓரமாக ஒதுங்கிக்கொள்ள, ரோட்டின் நடுவே மூன்று தெய்வங்கள் வருகின்றன. பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கெட்டு சரஸ்வதிக்கு வழக்கமாக யானை வாகனம். வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில். கூடவே திருவிதாங்கூர் மன்னரின் உடைவாள். அதுவரை காவலுக்கு வந்தது தமிழ்நாட்டு போலீஸ். எல்லையில் கேரள போலீஸ் அணிவகுத்து மரியாதை செலுத்தி ஏற்றுக்கொள்கிறது. ஒரு நாட்டின் தலைவர் இன்னொரு நாட்டுக்கு வந்து இறங்கும்போது நடக்கும் சடங்குகளுக்கு இது சற்றும் குறைந்ததல்ல.

பத்மநாபபுரத்திலிருந்து புறப்படும் இந்த ஊர்வலம் முதல் இரவு குழித்துறை மகாதேவர் கோயிலில் தங்குகிறது. மறுநாள் எல்லை கடந்து பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை வழியாக வந்து நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலில் இரண்டாவது இரவு. மூன்றாம் நாள் பாலராமபுரம் வழியாக திருவனந்தபுரம். அங்கே சரஸ்வதி கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் கொலுவிருக்கிறார்கள். திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகும் பழைய ஊர் தெய்வங்கள் இல்லாமல் நவராத்திரி நடத்த மன்னர்களுக்கு மனம் வரவில்லை. அதன் விளைவு இந்த யாத்திரை. அந்த சரஸ்வதி விக்கிரகம் கம்பர் வழிபட்டது என்பது நெடுநாளைய நம்பிக்கை. தமிழ்க் கவியின் கலைமகள் மலையாள நாட்டின் தலைநகருக்குப் போய் ஒன்பது நாள் கச்சேரி கேட்டுவிட்டு ஊர் திரும்புகிறாள்.

அந்தக் கச்சேரி மேடைக்கும் எல்லைப் பகுதிக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடுவதில்லை என்ற பழைய வழக்கத்தை 2006-ல் உடைத்தவர் பாறசாலை பி. பொன்னம்மாள். எண்பது வயதைக் கடந்த பிறகு அவருக்குக் கிடைத்த மேடை அது. 2017-ல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 2021-ல் காலமானார். பக்கத்து ஊர்க்காரரான நெய்யாற்றின்கரை வாசுதேவன் ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்து கர்நாடக சங்கீதத்தில் முன்னணிக்கு உயர்ந்தவர். 2004-ல் பத்மஸ்ரீ, 2008-ல் மறைவு. எல்லையோரச் சிற்றூர்களின் பெயரைத் தங்கள் பெயருக்கு முன்னால் சுமந்துகொண்டு இருவரும் நாடெங்கும் பாடினார்கள்.

கோடு போட்டார்கள்

இந்த ஊர்வலம் இரண்டு மாநில விவகாரம் ஆனது 1956 நவம்பர் 1-ம் தேதி. அதுவரை தோவாளை முதல் நெய்யாற்றின்கரை வரை எல்லாமே திருவிதாங்கூர்; பிறகு திரு-கொச்சி. தமிழர் வாழும் ஒன்பது தாலுகாக்களை சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. மார்ஷல் நேசமணி அதன் முன்னணித் தலைவர். 1954 ஆகஸ்ட் 11-ம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. கடைசியில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாக சென்னை மாநிலத்துக்கு வந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதியும் வந்தது. கேட்ட பட்டியலில் இருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது.

விளவங்கோட்டுக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே மலையோ பெரிய ஆறோ இல்லை. ரப்பர் தோட்டமும் வாழைத் தோட்டமும் மரச்சீனி விளையும் ஒரே சீராகப் போகின்றன. ஒரே குடும்பத்தின் ஒரு கிளை அந்தப் பக்கம், ஒரு கிளை இந்தப் பக்கம். விளவங்கோட்டுத் தமிழர் தண்ணீரை ‘வெள்ளம்’ என்கிறார். பலாவை ‘சக்கை’ என்கிறார். ஒன்று நன்றாக இருந்தால் ‘கொள்ளாம்’ என்கிறார். பாறசாலை மலையாளியின் பேச்சில் தமிழ் நாடிமேல் நாடியாக ஓடுகிறது. கொல்லத்துக்கு வடக்கே போனால் இந்த மலையாளத்தைக் கேட்டுச் சிரிப்பார்கள். திருநெல்வேலிக்குப் போனால் அந்தத் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

கோடு சில விநோதங்களையும் விட்டுவைத்தது. பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில். பராமரிப்பது கேரள அரசு. இரையுமன்துறையிலிருந்து நீரோடி வரையுள்ள தூத்தூர் பகுதிக் கடற்கரை ஊர்கள் தமிழ்நாட்டில். அவற்றின் பங்குகள் திருவனந்தபுரம் லத்தீன் உயர் மறைமாவட்டத்தில். ஓணத்துக்கு கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை. தைப் பொங்கலுக்கு கேரள அரசு திருவனந்தபுரம் உள்ளிட்ட ஆறு மாவட்டங்களில் விடுமுறை விடுகிறது. ஓணத்தின் அத்தப்பூக்களம் தோவாளைப் பூ இல்லாமல் நிறையாது.

கண்ணகி வந்த வழி

இந்த மண்ணில் பெரிய தெய்வம் அம்மன்தான். பெயர் பத்ரகாளியாக இருக்கலாம், பகவதியாக இருக்கலாம். கதையைக் கிளறினால் உள்ளே கண்ணகி இருப்பாள். திருவனந்தபுரம் ஆற்றுகால் கோயிலின் ஐதீகமே அதுதான். மதுரையை எரித்த கண்ணகி கன்னியாகுமரி வழியாகக் கொடுங்கல்லூர் போகிற பாதையில் ஆற்றுகாலில் தங்கினாளாம். மாசி மாதத்தில் பத்து நாள் திருவிழா. தினமும் தோற்றம்பாட்டு. பாண்டிய மன்னன் வதம் செய்யப்படும் கட்டம் பாடி முடிந்ததும் கோயில் அடுப்பில் தீ மூட்டப்படும். அந்தத் தீ கைமாறிக் கைமாறி நகரத்தின் ஒவ்வொரு தெருவிலும் செங்கல் அடுப்புகளுக்குப் பரவும். லட்சக்கணக்கான பெண்கள் ஒரே நேரத்தில் பொங்கல் வைப்பார்கள். 1997-ல் 15 லட்சம் பெண்கள் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 2009-ல் 25 லட்சம் என்று அதே சாதனை திருத்தப்பட்டது. அன்று நாகர்கோவில் பக்கமிருந்து வரும் ரயில்களிலும் பஸ்களிலும் மண்பானையும் விறகுக்கட்டும் ஏந்திய பெண்களின் கூட்டம்.

மதுரை எரிந்த கதையை மதுரையில்கூட இப்படித் தீ மூட்டி நினைவுகூர்வதில்லை. சிலப்பதிகாரத்தைப் படித்திராத பெண்கள் ஆண்டுதோறும் அதன் உச்சக் கட்டத்துக்காகக் காத்திருந்து அடுப்பு பற்றவைக்கிறார்கள். விழா முடிந்த பிறகு அந்த அடுப்புச் செங்கற்களைச் சேகரித்து ஏழைகளுக்கு வீடு கட்டக் கொடுக்கும் நல்ல வழக்கத்தையும் திருவனந்தபுரம் மாநகராட்சி தொடங்கியிருக்கிறது.

கிராமங்களில் இதே மரபு ‘முடிப்புரை’ என்ற கோயில்களில் வாழ்கிறது. சிலைக்குப் பதில் அம்மனின் திருமுடி. வெள்ளாயணியில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் காளியூட்டு பல வாரங்கள் நீளும். உயரமான பரண் கட்டி, பத்ரகாளியும் தாரிகனும் மோதுவதை நடித்துக் காட்டுவார்கள். அங்கும் தோற்றம்பாட்டு உண்டு. அதில் கோவலன் ‘பாலகன்’ என்ற பெயரில் வருகிறான்.

எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டில் உள்ள கொல்லங்கோடு பத்ரகாளி கோயிலில் பங்குனி பரணி அன்று தூக்கத் திருவிழா. உயரமான வில்மரங்கள் பொருத்திய ரதம். நுனியில் கச்சை கட்டித் தொங்கும் தூக்கக்காரர்கள். அவர்கள் கைகளில் கைக்குழந்தைகள். குழந்தை வரம் வேண்டிப் பெற்றவர்கள் நேர்ச்சையை நிறைவேற்றும் விதம் இது. குழந்தைகளின் பாதுகாப்பு பற்றிய கேள்விகள் எழாமல் இல்லை. ஆனால் நேர்ச்சைக்காரர் கூட்டத்தில் எந்த மாநிலம் என்ற கேள்வி எழுவதே இல்லை. கேரளத்தில் அது மீன பரணி, தமிழ்நாட்டில் பங்குனி பரணி. நாள் ஒன்றே.

மாசியில் மண்டைக்காடு பகவதி கோயில் கொடை. ‘பெண்களின் சபரிமலை’ என்ற பட்டத்தை ஆற்றுகாலும் மண்டைக்காடும் பங்குபோட்டுக்கொள்கின்றன. பட்டம் மட்டுமா? தலைவலி தீர மண்டைக்காட்டில் படைக்கும் மண்டையப்பத்துக்கும் ஆற்றுகாலில் படைக்கும் மண்டைப்புட்டுக்கும் பெயரில்தான் சிறு வித்தியாசம்.

மரச்சீனியும் முந்திரிக்கொத்தும்

சமையலறைக்குள் நுழைந்தால் எல்லை இன்னும் மங்கிவிடுகிறது. காலையில் டீக்கடையில் புட்டு, பயறு, பப்படம். கொல்லத்துக்கு வடக்கே ‘கப்பை’ என்று சொல்லப்படும் கிழங்குக்கு நெய்யாற்றின்கரையிலும் விளவங்கோட்டிலும் ஒரே பெயர்: மரச்சீனி. வேகவைத்து, தேங்காயும் பச்சைமிளகாயும் சீரகமும் நசுக்கிப் போட்டுக் கிளறி, மீன்குழம்போடு சாப்பிடுவது தினசரி விருந்து.

இந்தக் கிழங்கு மண்ணின் மைந்தன் அல்ல என்பது பலருக்கும் தெரியாது. தென் அமெரிக்காவில் பிறந்தது. கடல்வழி வந்த ஐரோப்பியர்களால் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. திருவிதாங்கூரில் இதைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது ஏழைகளின் வயிற்றைக் காப்பாற்றியது மரச்சீனிதான். இன்று அதை எடுத்துவிட்டால் தென் திருவிதாங்கூர் சமையலில் பாதி காலி.

தேங்காயைக் கருகாமல் கறுக்க வறுத்து, மல்லியும் மிளகாயும் சேர்த்து அரைத்து, புளியில் கொதிக்கவிடும் தீயல் இந்த வட்டாரத்தின் கையெழுத்து. உள்ளித் தீயல், பாகற்காய்த் தீயல் என்று வகைகள் உண்டு. அவியலும் எரிசேரியும் புளிசேரியும் இரண்டு பக்கமும் விருந்தில் இடம்பெறும். திருவனந்தபுரத்துக் கல்யாண விருந்தில் மட்டும் பாயசத்தோடு ஒரு தமிழ் விருந்தாளி கூடுதலாக வருகிறார்: போளி. இலையில் போளியைப் போட்டு அதன்மேல் பால்பாயசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட வேண்டும். வட கேரளத்துக்காரர்கள் இதை முதன்முதலில் பார்க்கும்போது திகைப்பார்கள். பருப்புவடையை ரசத்தில் ஊறப்போட்டுத் தரும் ரசவடையும் இதே கலப்பில் பிறந்தது.

பண்டிகைப் பலகாரங்களிலும் அப்படித்தான். சிறுபயறை வறுத்துப் பொடித்து, வெல்லப்பாகும் தேங்காயும் சேர்த்து உருட்டி, அரிசிமாவில் முக்கிப் பொரிக்கும் முந்திரிக்கொத்து இந்து வீட்டுத் திருமணத்துக்கும் உண்டு, கிறிஸ்துமஸுக்கும் உண்டு. மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டு திராட்சைக் கொத்துபோல் இருப்பதால் அந்தப் பெயர். பொங்கல் வழிபாட்டில் தெரளியப்பம் இல்லாமல் முடியாது. அரிசிமாவும் வெல்லமும் பழமும் பிசைந்து, மணமுள்ள தெரளி இலையைக் கூம்பாகச் சுருட்டி அதில் அடைத்து ஆவியில் வேகவைப்பார்கள். ஆவி கிளம்பும்போது வரும் அந்த இலை வாசனையே திருவிழா வந்துவிட்டதற்கு அறிவிப்பு.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணனுக்கோ வெண்ணெய்தான் நைவேத்தியம். மார்த்தாண்டவர்மர் எதிரிகளிடமிருந்து தப்பி ஓடியபோது ஒரு சிறுவன் வழிகாட்ட, பொந்து விழுந்த பலாமரத்துக்குள் ஒளிந்து பிழைத்தாராம். அரசரான பிறகு அந்த இடத்தில் கோயில் எழுப்பினார் என்பது ஐதீகம். அந்த ‘அம்மச்சிப் பிலாவு’ கோயில் வளாகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 2018-ல் கேரளம் பலாவை மாநிலப் பழமாக அறிவித்தது. தமிழ்நாட்டின் மாநிலப் பழமும் பலாதான். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு அரசுகளுக்கும் தகராறு இல்லை.

தறியில் தமிழ்

ஊர்வலம் கடந்துபோகும் பாலராமபுரத்தில் சாலியர் தெருக்கள் இருக்கின்றன. 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மா மகாராஜா காலத்தில், திவான் உம்மிணித் தம்பி முயற்சியால் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்ட நெசவாளர்களின் தெருக்கள். அரச குடும்பத்துக்கு மெல்லிய ஆடை நெய்ய வந்தவர்கள். மலையாளியின் அடையாளமாக உலகமே நினைக்கும் கசவு வேட்டியும் சேலையும் இந்தத் தமிழ்த் தறிகளில் தேர்ந்தன. குழித்தறியில் கையால் நாடாவை எறிந்து நெய்யும் பழைய முறையால் துணியின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். 2009-ல் பாலராமபுரம் கைத்தறிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

குறியீடு கிடைத்தது, கூலி கட்டுப்படியாகவில்லை. ஓணத்துக்கு முந்தைய மாதங்களில் தறிச் சத்தம் கேட்கும். மற்ற மாதங்களில் விசைத்தறித் துணியோடு போட்டி. அடுத்த தலைமுறை குழிக்குள் இறங்கத் தயங்குகிறது. பாவு, ஊடு, நாடா என்று தறியின் சொற்கள் எல்லாம் தமிழ். தறி நின்றால் அந்தச் சொற்களும் நிற்கும்.

கடலும் கோட்டுகாலும்

பாலராமபுரத்துக்குத் தென்மேற்கே கடலை நோக்கி இறங்கினால் கோட்டுகால். நெய்யாற்றின்கரை தாலுகாவின் கடலோரப் பஞ்சாயத்து. சொவ்வரையின் செம்மண் மேடுகளும் அடிமலைத்துறையின் நீண்ட மணல்வெளியும் இதற்குள் அடங்கும். பக்கத்திலேயே ஆழிமலையில் கடலைப் பார்த்தபடி 58 அடி உயர கங்காதரேஸ்வரர் சிலை. 2020 டிசம்பர் 31-ம் தேதி திறக்கப்பட்ட இது இன்று சுற்றுலாக்காரர்களின் செல்ஃபி தலம். வடக்கே விழிஞ்ஞம். ஒரு காலத்தில் ஆய் மன்னர்களின் துறைமுகம். பாண்டியரும் சோழரும் படையெடுத்து வந்து மோதிய இடம். இன்று உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்கள் அணையும் துறைமுகம். 2024 ஜூலையில் இங்கு வந்த முதல் பெரிய சரக்குக் கப்பலின் பெயர் ‘சான் ஃபெர்னாண்டோ’. ஒரு ஸ்பானிய அரசப் புனிதரின் பெயர். 2025 மே 2-ம் தேதி பிரதமர் மோடி துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

துறைமுகத்தால் கரை அரிக்கப்படுகிறது என்று மீனவர்கள் 2022-ல் நூறு நாட்களுக்கு மேல் போராடியது இன்னும் மறக்கவில்லை. அதற்கு முன் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல். கேரளக் கரையில் விழிஞ்ஞம், அடிமலைத்துறை, பூவார், பொழியூர். தமிழ்நாட்டுக் கரையில் தூத்தூர், வள்ளவிளை. ஒரே கடலில் ஒரே இரவில் இரண்டு மாநிலத்து மீனவர்கள் மாண்டார்கள்.

இந்தக் கரைக்கு ஸ்பெயினோடு உள்ள தொடர்பு கன்டெய்னர் கப்பலுக்கு ஐந்நூறு ஆண்டு மூத்தது. 1544-ன் இறுதியில் இந்தக் கடலோரத்தில் ஊர் ஊராக நடந்த பிரான்சிஸ் சவேரியார், ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் பிறந்தது 1506-ல், ஸ்பெயினின் வடக்கே நவார்ரா நாட்டில், பாம்ப்லோனா நகரத்துக்கு அருகே உள்ள ஹவியேர் கோட்டையில். அந்தக் கோட்டையின் பெயர்தான் நம் ஊரில் ‘சவேரியார்’ ஆனது.

பாம்ப்லோனா என்றால் உலகத்துக்கு நினைவு வருவது ஜூலை மாதத்துக் காளை ஓட்டம். சான் ஃபெர்மின் திருவிழாவில் தினமும் காலை எட்டு மணிக்கு, குறுகலான தெருக்களில் காளைகளுக்கு முன்னால் வெள்ளை உடையும் சிவப்புக் கழுத்துத் துணியும் அணிந்த இளைஞர்கள் ஓடுவார்கள். ஓட்டம் முடிந்ததும் முட்டைப் பொரியலும் ‘சிஸ்டோரா’ என்ற காரமான பன்றியிறைச்சிக் குழலும் காலை உணவு. அதைச் சிவக்கவைக்கும் மிளகாயும் நம் மரச்சீனியைப் போலவே அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. மார்ச் மாதத்தில் ஆயிரக்கணக்கானோர் ஹவியேர் கோட்டைக்கு நடந்தே போகிறார்கள். வேளாங்கண்ணிக்கு நடக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

அதைவிட முக்கியமான ஒற்றுமை ஒன்று உண்டு. நவார்ராவும் ஓர் எல்லை நாடு, இரண்டு மொழி நாடு. ஸ்பானியமும் பாஸ்க்கும் அங்கே உரசிக்கொண்டு வாழ்கின்றன. சவேரியாரின் தாய்மொழி பாஸ்க். முத்துக்குளித்துறையில் மக்கள் பேசுவது தனக்குப் புரியவில்லை, தான் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் தாய்மொழி ஒன்று, என் தாய்மொழி பாஸ்க் என்ற பொருளில் 1544 ஜனவரியில் அவரே எழுதியிருக்கிறார். பிறகு இரு மொழி தெரிந்தவர்களை உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். 1552 டிசம்பர் 3-ம் தேதி சீனக் கரையோரத் தீவில் அவர் இறந்தார். கடைசி நேரத்தில் உடனிருந்தவருக்குப் புரியாத ஒரு மொழியில் பேசினார் என்பது பதிவு. அது பாஸ்க் என்று பாஸ்க் மக்கள் நம்புகிறார்கள்.

அதனால் டிசம்பர் 3 அவர்களுக்கு பாஸ்க் மொழி நாள். நவார்ரா நாளும் அதுவே. அதே தேதியில் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் பத்து நாள் திருவிழா தேர்பவனியோடு நிறைவடைகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. ஒரே புனிதர், ஒரே நாள். அங்கே அவர் பெயரால் ஒரு சிறிய மொழியைக் காப்பாற்றப் பேசுகிறார்கள். இங்கே தேர் இழுக்கிறோம்.

வீடில்லாத பாட்டுகள்

காப்பாற்ற இங்கே என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. கோவளத்துக்கு அருகே ஆவாடுதுறையைச் சேர்ந்த அய்யிப்பிள்ளை ஆசான் என்ற கவி பாடிய ‘ராமகதைப்பாட்டு’ தமிழும் மலையாளமும் பிரிக்க முடியாதபடி பின்னிய நூல். அவருடைய தம்பி பாடியது ‘பாரதம்பாட்டு’. சந்திரவளையம் என்ற சிறு வாத்தியத்தைத் தட்டிக்கொண்டு பத்மநாபசுவாமி கோயிலில் ராமகதைப்பாட்டைப் பாடும் வழக்கம் இருந்தது. வில்லுப்பாட்டில் பாடப்படும் ‘தெக்கன் பாட்டுகள்’ இன்னொரு புதையல். திருமலை நாயக்கர் படையோடு கணியாகுளத்தில் மோதி வீழ்ந்த இரவிக்குட்டிப் பிள்ளையின் கதை, கள்ளியங்காட்டு நீலி கதை, உலகுடைய பெருமாள் கதை. இவற்றைத் தேடித் திரட்டியவர்களில் கோட்டுகாலுக்கு அடுத்த ஊரான காஞ்சிரம்குளத்தைச் சேர்ந்த கொச்சுகிருஷ்ண நாடார் குறிப்பிடத்தக்கவர்.

இந்தப் பாட்டுகளின் கஷ்டம் அவற்றின் மொழி. மலையாள இலக்கிய வரலாற்றுக்கு இவை ‘தமிழ் அதிகம்’. தமிழ் இலக்கிய வரலாற்றுக்கு ‘மலையாளம் அதிகம்’. இரண்டு வீட்டிலும் திண்ணைதான் கிடைத்தது. பாடுகிற ஆசானுக்கு இரண்டு மொழியும் தெரிந்திருந்தவரை கவலையில்லை. கேட்கிறவர்களுக்கும் தெரிந்திருந்தது. இனி?

2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம் பேர், மக்கள்தொகையில் 1.5 சதவீதம். 1969-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்குக் கடிதம் எழுத உரிமை தந்திருக்கிறது. ஆனால் கடிதம் எழுதப் பிள்ளைகளுக்கு எழுத்து தெரிய வேண்டுமே! வேலைக்கும் மேற்படிப்புக்கும் மலையாளமும் ஆங்கிலமும் போதும் என்ற நிலையில், எல்லையோரத் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளை அந்தப் பள்ளிகளுக்கே அனுப்புகின்றன. வீட்டில் தமிழ் பேசி, தமிழ் எழுத்தே தெரியாத தலைமுறை வளர்ந்துவிட்டது. 2017-ல் மலையாளத்தைப் பள்ளிகளில் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. கன்னியாகுமரியில் இதே கதை தலைகீழாக நடக்கிறது. 2006-ம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு விளவங்கோட்டு மலையாளக் குழந்தைகளின் பெற்றோர் கவலைப்படுகிறார்கள். இரண்டு சட்டங்களுக்கும் நியாயம் இருக்கிறது. எந்த மாநிலம்தான் தன் மொழியைக் கற்பிக்காமல் விடும்? ஆனால் இரண்டும் சேர்ந்து எல்லையின் இரு பக்கமும் ஒற்றை எழுத்து மட்டும் தெரிந்த பிள்ளைகளை உருவாக்குகின்றன.

நவார்ரா இதற்கு ஒரு வழி பார்த்தது. 1986-ல் ஒரு மொழிச் சட்டம் போட்டு நாட்டை மூன்று வட்டாரங்களாகப் பிரித்தார்கள்: பாஸ்க் பேசும் வட்டாரம், கலப்பு வட்டாரம், பாஸ்க் இல்லாத வட்டாரம். பாம்ப்லோனா கலப்பு வட்டாரத்தில் வருகிறது. அந்த ஏற்பாட்டைப் பற்றி அங்கே சண்டை ஓயவில்லை. இருந்தாலும் ‘கலப்பு’ என்ற ஒரு நிலை உண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். நம் சட்டங்களில் பெரும்பான்மை உண்டு, சிறுபான்மை உண்டு. நெய்யாற்றின்கரையையும் விளவங்கோட்டையும் போன்ற கலப்பு வட்டாரத்துக்குப் பெயரே இல்லை.

செய்ய முடியாத காரியம் எதுவும் இதில் இல்லை. எல்லையோரத் தாலுகாக்களின் பள்ளிகளில் பக்கத்து மாநில எழுத்தை வாரத்துக்குச் சில மணி நேரம் விருப்பப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கலாம். பாடநூலுக்கு வெளியே தேட வேண்டாம். இரவிக்குட்டிப் பிள்ளை கதையே இருக்கிறது. ஆசிரியர்களுக்கும் பஞ்சமில்லை, களியக்காவிளையில் பஸ் ஏறினால் அடுத்த ஊர். நவராத்திரிக்கு இரண்டு மாநிலத்து அமைச்சர்களும் அதிகாரிகளும் பத்மநாபபுரத்தில் ஒன்றாகக் கூடி வாள் கைமாறுவதைப் பார்க்கிறார்கள். அன்று அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினாலே போதும்.

பெரியவர்கள் பேசுகிறார்களோ இல்லையோ, மாசி வந்தால் பெண்கள் பானையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தோற்றம்பாட்டுக்காரர் பாண்டியன் கதையை முடிக்கும்வரை அடுப்பருகே காத்திருப்பார்கள். அந்தப் பாட்டில் எது தமிழ், எது மலையாளம் என்று அவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. அடுத்த தலைமுறைக்கும் அது புரிய வேண்டும் என்பதுதான் கவலை.